கை திறப்பது காற்றை

ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பெட்ரோல் போகும். வண்டி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். படாளம் கூட்ரோட்டில், வேடந்தாங்கலுக்குப் பிரியும் சாலை முனையில் இருந்த தகரக் கொட்டகை ஒர்க்‌ஷாப்பில் மட்டும் இதைச் சொல்ல முடியாது. சொன்னால் மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார். "பெட்ரோல் இல்ல தம்பி, காத்து. உன் கை தொறக்கறது காத்தை. பெட்ரோல் அதும் பின்னால தானா வரும்."

எண்பதுகளின் கடைசியில் பள்ளிக்கூட விடுமுறை விட்டால் நான் அந்தக் கொட்டகையில்தான் கிடப்பேன். எங்கள் ஊர் வேடந்தாங்கல் ஏரிக்குப் பக்கத்தில். படாளம் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும்போது அப்பா என்னையும் கூட்டிப் போவார். ஆலை வாசலில் வரிசை நகர்ந்து லோடு இறக்கி முடிய வெகு நேரம் ஆகும். அதுவரை என்னை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டுப் போவார். அண்ணன் எனக்குக் கொடுத்த முதல் வேலை, மண்ணெண்ணெய்த் தட்டில் போட்ட பாகங்களைப் பிரஷ்ஷால் தேய்த்துத் துணியில் வரிசையாக அடுக்குவது. எதையும் தொடலாம், வரிசை மாறக் கூடாது.

நவம்பர் முதல் மார்ச் வரை அந்தக் கொட்டகைக்கு வேலை அதிகம். ஏரியில் தண்ணீர் நிறைந்து, நீர்க்கடம்ப மரங்களில் நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் கூடு வைக்கிற காலம். மெட்ராஸிலிருந்து பறவை பார்க்க வருகிறவர்கள் புல்லட்டிலும் எஸ்டியிலும் ராஜ்தூத்திலும் வருவார்கள். எழுபது எண்பது கிலோமீட்டர் ஜி.எஸ்.டி. சாலைப் புழுதியைக் குடித்துவிட்டு வரும் வண்டிகள். அவற்றில் சில ஏரிக்கரையிலேயே படுத்துக்கொள்ளும். சில திரும்பும் வழியில் எங்கள் கொட்டகை வாசலில் திணறும்.

காற்றைப் பற்றி அண்ணன் சொன்னதை நான் நம்பத் தயங்கியபோது, அவர் டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரும் கூல்டிரிங்க்ஸ் உறிஞ்சும் ஸ்ட்ரா ஒன்றும் வாங்கிவரச் சொன்னார். ஸ்ட்ராவை இரண்டாக வெட்டினார். ஒரு துண்டைத் தண்ணீரில் நிமிர்த்திப் பிடித்தார். இன்னொரு துண்டை அதன் மேல்வாயை ஒட்டிக் குறுக்கே வைத்து ஊதச் சொன்னார். ஊதினேன். தண்ணீர் நிமிர்ந்த குழாய்க்குள் ஏறி, வாயில் சிதறி, அவர் சட்டையில் பூந்தூறலாக விழுந்தது. யாரும் உறிஞ்சவில்லை. தண்ணீரின் மேல் நிற்கும் வெளிக்காற்று எப்போதும் போல அழுத்திக்கொண்டிருக்க, குழாயின் மேல்வாயில் மட்டும் அழுத்தம் குறைந்துபோனது. அழுத்தம் கூடின இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தண்ணீர் தள்ளப்பட்டது, அவ்வளவுதான். "இதான் கார்புரேட்டர். மீதியெல்லாம் இதுக்குச் சட்டை" என்றார்.

பிறகு நான் இயற்பியல் படித்து அதையே பள்ளியில் நடத்தும் வேலைக்கும் வந்தேன். ஓடும் நீர்மத்தின் வேகத்தையும் அழுத்தத்தையும் பற்றி டேனியல் பெர்னூலி 1738இல் எழுதினார். குறுகிய கழுத்தின் வழியாக நீர் ஓடும்போது நடப்பதை ஜியோவன்னி வெஞ்சுரி 1797இல் வெளியிட்டார். பெட்ரோலைக் காற்றில் தூறலாக்கும் ஜெட் கார்புரேட்டரை 1893இல் ஜெர்மனியில் மேபாகும், ஹங்கேரியில் பாங்கியும் சோங்காவும் தனித்தனியே செய்தார்கள். இவ்வளவையும் கரும்பலகையில் எழுதும்போது என் கை தானாக ஒரு டம்ளரையும் இரண்டு ஸ்ட்ராத் துண்டையும்தான் முதலில் வரையும்.

புல்லட்டின் கார்புரேட்டரைப் பிரித்து வைத்தால் முழுக் கதையும் தெரியும். அடியில் கிண்ணம். அதில் மிதவை. டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க மிதவை ஏறி, ஒரு கூர்முனை ஊசியை மேலே தள்ளி வாயை அடைக்கும். பெட்ரோல் குறைந்தால் மிதவை இறங்கி வாய் திறக்கும். கிண்ணத்தில் மட்டம் மாறாமல் இருக்க இந்த ஏற்பாடு போதும். இந்த ஊசியின் வாயில் ஒரு துளி அழுக்கு உட்கார்ந்தால் பெட்ரோல் வழிந்து ஓடும். அப்போது திருப்புளியின் பிடியால் கிண்ணத்தை லேசாக இரண்டு தட்டு. பாதி வண்டிகள் அதிலேயே சரியாகிவிடும். அந்தத் தட்டலை அண்ணன் செய்வதைப் பார்த்தவர்கள் இதற்கா காசு என்பார்கள். எங்கே தட்டுவது என்று தெரிந்ததற்குத்தான் காசு.

கிண்ணத்துக்கு மேலே காற்றுப் பாதை. அதன் குறுகலான இடத்தில், மேலிருந்து தொங்கும் உருளை வடிவ ஸ்லைடு. ஆக்ஸிலேட்டர் கேபிளின் மறுமுனை வந்து சேர்வது இந்த ஸ்லைடில்தான். டேங்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கை முறுக்க முறுக்க ஸ்லைடு உயர்ந்து காற்றுக்கு வழி விடுகிறது. என்ஜினின் பிஸ்டன் கீழே இறங்கும்போது இழுக்கும் காற்று அந்தக் குறுகலில் வேகம் பிடித்து, அழுத்தம் குறைந்து, கிண்ணத்துப் பெட்ரோலை ஏறவைக்கிறது. ஸ்லைடின் நடுவில் தொங்கும் நீடில் மேலே தடிமனாகவும் கீழே கூராகவும் இருக்கும். ஸ்லைடு உயரும்போது நீடிலும் உயர்ந்து, அது உட்கார்ந்திருக்கும் துளையில் கூரான பகுதி வந்து, பெட்ரோல் வர இடம் கூடுகிறது. காற்று எவ்வளவோ அதற்கேற்ற பெட்ரோல். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு கம்பித் துண்டின் சரிவில் அந்தக் கணக்கு இழைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இன்றும் எனக்கு இது வியப்புதான்.

முறுக்கு கூடக் கூட ஆட்சி கைமாறும். ஸ்லைடு ஏறக்குறைய மூடியிருக்கும்போது, ஸ்லோவில் வண்டி நிற்கும்போது, பைலட் ஜெட்டின் ராஜ்ஜியம். அதற்கு மேலே கொஞ்சம் திறந்தால் ஸ்லைடின் அடியில் வெட்டியிருக்கும் சரிவு பேசும். கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை நீடில். முழுக்கத் திறந்தால் மெயின் ஜெட். "எந்த இடத்துல திணறுதுன்னு சொல்லு, எந்தப் பாகம்னு சொல்றேன்" என்று வண்டிக்காரரிடம் அண்ணன் கேட்பார். பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போதா, ஊருக்குள் மெதுவாகப் போகும்போதா, செங்கல்பட்டு தாண்டி நேர்ரோட்டில் விரட்டும்போதா? பதிலைக் கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனர் எடுப்பார். நீடிலின் தலையில் ஐந்து வெட்டு இருக்கும். கிளிப்பை ஒரு வெட்டு கீழே மாட்டினால் நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும், மேலே மாட்டினால் குறையும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் விடை இருக்கும். கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் காற்று அதிகம், இளம்பழுப்பாக இருந்தால் வண்டிக்காரர் டீ வாங்கித் தரலாம்.

ஸ்லோ வைக்கும்போது கொட்டகையில் யாரும் பேசக் கூடாது. ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறந்து ஆரம்பிப்பார். பிறகு கால் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே. என்ஜின் வேகம் எந்த இடத்தில் அதிகபட்சமாக ஏறுகிறதோ அங்கே நிறுத்தி, ஸ்லோ ஸ்க்ரூவைத் தளர்த்தி வேகத்தை இறக்குவார். மீண்டும் ஒருமுறை ஏர் ஸ்க்ரூ. மீட்டர் கிடையாது, காதுதான். புல்லட்டின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, இடைவெளி மாறாமல் விழும்வரை விடமாட்டார்.

பனிக்காலக் காலையில் வண்டி எடுப்பவர்கள் சோக்கைப் போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரையும் முறுக்கிக்கொண்டு கிக்கரை உதைப்பார்கள். கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கினவர்கள் உண்டு. இந்த வகைக் கார்புரேட்டரில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு கிடையாது. அது தனியாக ஒரு பெட்ரோல் வழி. ஸ்லைடு மூடியிருந்தால்தான் அதற்குப் பின்னால் இழுப்பு பலமாக இருக்கும், அந்த இழுப்பில்தான் சோக் வழியாகப் பெட்ரோல் வரும். முறுக்கிவிட்டால் இழுப்பு போய்விடும், சோக் போட்டும் பயனில்லை. கையை எடு, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அமுக்கு, டீகம்ப்ரஸரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிடு, அப்புறம் ஒரே உதை. இந்த வரிசையை அவர் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தாரோ தெரியாது.

கேபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மக்கள் கார்புரேட்டரைக் கொஞ்சமாவது மதிப்பார்கள், கேபிளை மதிக்கமாட்டார்கள். முறுக்கிய எஃகு இழைகளாலான உள்வயர், அதைச் சுற்றிச் சுருளாகப் பின்னிய கம்பி உறை, மேலே கருப்பு பிளாஸ்டிக். எர்னஸ்ட் மொனிங்டன் பவுடன் 1896இல் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இதன் சூட்சுமம் உறையில் இருக்கிறது. உள்வயரை எவ்வளவு பலத்தோடு இழுக்கிறோமோ அவ்வளவு பலத்தோடு உறை எதிர்ப்பக்கம் முட்டுக்கொடுத்து நிற்கிறது. அதனால்தான் ஹேண்டில் பாரிலிருந்து டேங்குக்கு அடியில் நுழைந்து எத்தனை வளைவு எடுத்தாலும், இந்த முனையில் இழுத்தது அந்த முனையில் அப்படியே கிடைக்கிறது. வெறும் கம்பியாக இருந்தால் ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் வண்டி ரேஸ் ஆகும்.

உரசல்தான் இதன் எதிரி. ஒவ்வொரு வளைவும் உரசலைக் கூட்டுவதோடு நிற்காது, பெருக்கிக்கொண்டே போகும். அதனால் அண்ணன் கேபிள் போகும் பாதையை விரலால் தடவித் தடவிப் பார்ப்பார், டேங்குக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா, இறுக்கமாக மடிந்திருக்கிறதா என்று. எண்ணெய் போடுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். பாலிதீன் பையின் மூலையை வெட்டிக் கேபிளின் மேல்முனையில் புனல் மாதிரிச் சுற்றிக் கட்டி, அதில் எண்ணெய் ஊற்றி, ஆணியில் இரவு முழுக்கத் தொங்கவிடுவார். காலையில் கீழ்முனையில் கறுப்பாகச் சொட்டியிருக்கும், பிறகு தெளிவாகச் சொட்டும். தெளிவாகச் சொட்டினால்தான் மாட்டுவார்.

கேபிள் முறிவது நடுவில் இல்லை, நிப்பிளை ஒட்டித்தான். ஒவ்வொரு இழையாக அறுந்து கடைசி இழை ஒருநாள் விடும். அதைவிட ஆபத்து ஒன்று உண்டு. அறுந்த இழையின் முனை உறைக்குள் குத்திக்கொண்டு நின்றால், கையை எடுத்தாலும் ஸ்லைடு இறங்காது. ஸ்லைடைக் கீழே தள்ள ஒரு ஸ்பிரிங் மட்டும்தான் இருக்கிறது. வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி நேர்ந்தால் முதலில் கிளட்ச், பிறகு சாவி. இதை வண்டி கற்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருட்டும் நேரம். பறவை பார்த்துத் திரும்பிய ஒரு தம்பதி, கேபிள் அறுந்த புல்லட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கடையில் அந்தக் கேபிள் இல்லை, மதுராந்தகத்தில் கடை மூடியிருக்கும். அண்ணன் ஸ்லோ ஸ்க்ரூவை உள்ளே திருகித் திருகி ஸ்லைடைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தினார். "சார், இனிமே ஆக்ஸிலேட்டர் கிடையாது. கிளட்சும் கியரும்தான். செகண்டு கியர்ல அதும் பாட்டுக்குப் போவும். அம்மாவை பஸ்ல ஏத்திடுங்க, நீங்க ஓரமா செங்கல்பட்டு போயிடுங்க." அவர் போய்ச் சேர்ந்ததாக மறுவாரம் வந்து சொன்னார். பெட்ரோலைத் தொடாமல், காற்றின் வழியை மட்டும் ஓர் அளவில் திறந்து வைத்து ஒரு வண்டியை ஊர் சேர்த்ததைக் கண்ணால் பார்த்த பிறகு எனக்கு வேறு நிரூபணம் தேவைப்படவில்லை.

ட்யூனிங் முடிந்த வண்டியை ஓட்டிப் பார்க்க அவர் ஏரிப் பக்கம் போகமாட்டார், மதுராந்தகம் பக்கம்தான் போவார். ஏரிப் பறவைகளைச் சத்தத்தால் கலைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் யாரும் எழுதிப் போட்ட சட்டம் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், ஏரியில் பறவை சுட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றி எங்கள் முன்னோர் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு வாங்கினார்கள். 1858இல் அது மறுபடி உறுதியானது. அரசு சரணாலயமாக ஏற்றது 1936இல். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதைக் கண்டவர்கள் அவர்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். கரைச் சாலையில் முழுக்க முறுக்கி ஓட்டுகிறவனை ஊர்க்காரர்கள் வழிமறித்துக் கேட்பார்கள்.

கடற்கரையிலிருந்து வருகிற வண்டிகளின் நோய் வேறு. சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒரு மீன்காரர் மொபெட்டில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு, கூவத்தூர், பவுஞ்சூர் வழியாக ஊர் ஊராக விற்றபடி வருவார். உப்புக்காற்றில் அவர் வண்டிக் கேபிள்கள் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து உறையோடு ஒட்டிக்கொள்ளும். கார்புரேட்டர் உடம்பில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், அந்தப் பொடி ஜெட்டில் போய் உட்காரும். பைலட் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அவசரக்காரர்கள் கம்பியை விட்டுக் குத்துவார்கள். ஜெட் பித்தளை, எஃகுக் கம்பி பட்டால் துளை பெரிதாகிவிடும், பிறகு அந்த வண்டி ஆயுசுக்கும் பெட்ரோல் குடிக்கும். அண்ணனுக்கு இந்த மீன்காரரே மருந்தும் கொண்டுவந்தார். மீன்வலையின் மெல்லிய நைலான் நரம்பு. அதை நுழைத்து எடுத்தால் அழுக்கு வரும், பித்தளையில் கீறல் விழாது. வலை நரம்புக்கு மாற்றாக மொபெட்டுக்குக் கேபிள் எண்ணெய் இலவசம் என்று இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது.

துடைத்து வைக்கும்போதெல்லாம் கார்புரேட்டர் உடம்பில் வார்த்திருக்கும் 'மிக்கார்ப்' என்ற எழுத்துகளை நான் தடவிப் பார்ப்பேன். ஜப்பானின் மிகுனி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் யுகால் கம்பெனி செய்தது. அதன் ஆலை மறைமலை நகரில், எங்களுக்கும் மெட்ராஸுக்கும் நடுவே, அதே ஜி.எஸ்.டி. சாலையில். புல்லட்டும் இந்தப் பக்கத்துப் பிள்ளைதான். 1955இல் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி உருவாகி திருவொற்றியூரில் வண்டி கட்டத் தொடங்கியது. 2013இல் ஒரகடத்தில் புதிய ஆலை வந்தது. ஆங்கிலேயர் தங்கள் ஊரில் 1970உடன் ராயல் என்ஃபீல்டைக் கைவிட்டபோது, அந்த என்ஜினைச் சாகவிடாமல் வைத்திருந்தது இந்தத் தொண்டை மண்டலத்துத் தொழிலாளிகள். மறைமலை நகருக்கு வேலைக்குப் போன எங்கள் பள்ளிக்கூடத்து அண்ணன்களை நான் கொஞ்சம் பொறாமையோடு பார்த்திருக்கிறேன்.

அண்ணன் கடைசிவரை ஒன்றை வலியுறுத்தினார்: மெதுவாகத் திற. ஸ்லைடைச் சட்டென்று முழுக்கத் தூக்கினால், என்ஜின் வேகம் குறைவாக இருக்கும்போது அவ்வளவு பெரிய வழியில் காற்று வேகம் இழக்கும். வேகம் இழந்தால் பெட்ரோலை ஏற்றும் இழுப்பு இருக்காது. வண்டி ஒரு கணம் மூச்சடைத்து நிற்கும். அதிகம் கேட்டவனுக்கு ஒன்றுமில்லாமல் போகும் விசித்திரம் இது. பிறகு வந்த கார்புரேட்டர்களில் இதற்குத் தீர்வு கண்டார்கள். கேபிள் ஒரு தகட்டை மட்டும் திருப்பும், ஸ்லைடை ரப்பர் சவ்வு ஒன்றின் மூலம் என்ஜினின் இழுப்பே தேவைக்கேற்பத் தூக்கிக்கொள்ளும். கை எவ்வளவு அவசரப்பட்டாலும் ஸ்லைடு அவசரப்படாது. அண்ணன் அதைப் பிரித்துப் பார்த்து, சவ்வை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று தேடியபடி, "நான் சொன்னதைக் கம்பெனிக்காரன் ரப்பர்ல பண்ணிட்டான்" என்றார். அவர் அவ்வளவு மகிழ்ந்து நான் பார்த்ததில்லை.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்தது. பெரும்பாலான புது வண்டிகளிலிருந்து கார்புரேட்டர் போய்விட்டது. இப்போது பம்பு பெட்ரோலை அழுத்தத்தோடு அனுப்புகிறது. புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் மீதிக் காற்றை முகர்ந்து பார்த்துச் சொல்ல, கணினி இன்ஜெக்டரைத் திறக்கும் நேரத்தைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. ஜெட்டும் நீடிலும் தங்களைத் திருத்திக்கொள்ளத் தெரியாதவை. குளிருக்கும் வெயிலுக்கும், எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் ஒரே துளைதான். எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் அதே துளையில் கலவை காற்றுப் பக்கம் சாய்ந்துவிடும். செங்கல்பட்டு சிக்னலில் நின்று மூச்சுவிடுகிற யாரும் பழையதுதான் நல்லது என்று சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை. எனக்கு வருத்தம் வேறு. பத்து வயதுப் பையன் மண்ணெண்ணெய்த் தட்டில் கழுவி, துணியில் அடுக்கி, விரலால் தொட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய ஓர் இயற்பியல் இயந்திரம் இருந்தது. அந்த இடத்தில் இப்போது மூடிய கருப்புப் பெட்டி இருக்கிறது. என் மாணவர்களுக்காக ஆய்வுக்கூட அலமாரியில் ஒரு பழைய கார்புரேட்டரைக் கழற்றக்கூடியபடி வைத்திருக்கிறேன். எல்லாப் பள்ளியிலும் ஒன்று வைக்கலாம், காயலான் கடையில் கிடைக்கும்.

ஆனாலும் கை திறப்பது இன்றும் காற்றைத்தான். இன்ஜெக்‌ஷன் வண்டியிலும் கேபிள் இழுப்பது காற்றுத் தகட்டை. பெட்ரோலைக் கணினி பார்த்துக்கொள்கிறது. 2023இல் வந்த ஹிமாலயன் 450 போன்ற சில வண்டிகளில் கேபிளும் போய், கைப்பிடியில் சென்சார் வந்துவிட்டது. மற்ற பெரும்பாலான வண்டிகளில் பவுடனின் வயர் இன்னும் ஓடுகிறது.

அண்ணனிடம் தொழில் கற்ற பையன் ஒருவன் இப்போது மதுராந்தகத்தில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். போன மழைக்காலத்தில் அங்கே உட்கார்ந்திருந்தேன். ஒரு புது வண்டி வந்தது, கையை எடுத்தாலும் வேகம் உடனே இறங்க மறுக்கிறது என்ற குறையோடு. உதவிக்கு இருந்த இளைஞன் ஸ்கேனரை மாட்டினான். தவறு எதுவும் காட்டவில்லை. மறுபடி மாட்டினான், அப்போதும் இல்லை. முதலாளி எழுந்து வந்து, கைப்பிடி மூடியின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, நிப்பிளை வெளியே இழுத்தான். மூன்று இழை அறுந்து முள்ளாக நின்றிருந்தது. புதுக் கேபிளை டேங்குக்கு அடியில் விட்டு, பாதையை விரலால் தடவி, அட்ஜஸ்டரில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு வைத்தான். என்ஜினை ஓடவிட்டு ஹேண்டில் பாரை இடக்கோடி வரை திருப்பினான், பிறகு வலக்கோடி வரை. ஸ்லோ ஏறவில்லை. "கழட்டின கேபிளைத் தூக்கிப் போடாதே, இவனுக்குக் காட்டணும்" என்று இளைஞனைச் சுட்டி என்னிடம் கொடுத்துவிட்டு, பில் எழுதப் போனான்.